அறுபத்தோராம் பக்கத்தின் கடைசி வரி

ஆப்னர் டில்வின் தன் வாழ்நாளில் ஒரே ஒரு புத்தகம்தான் எழுதினார். அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு செடிகள் இருந்தன. அத்தனையையும் கண்ணால் பார்த்து, இலையைக் கசக்கி முகர்ந்து, பாதிக்கு மேல் வாயில் போட்டு மென்று பார்த்த பிறகே எழுதினார். ஒரே ஒரு வரியை மட்டும் பார்க்காமல் எழுதினார்.

அவர் பென்சில்வேனியாவில் கல்வேலி கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். இருபத்து மூன்றாம் வயதில் நில அளவைக் கூட்டத்தோடு அளவுச் சங்கிலி இழுக்கும் ஆளாக ஓஹையோவுக்கு வந்தார். மற்றவர்கள் மாலையானால் விஸ்கிக்கும் சீட்டாட்டத்துக்கும் உட்காருவார்கள். இவர் பகலெல்லாம் தொப்பிக்குள் சேர்த்து வைத்த தழைகளை எடுத்துக் காகிதத்தில் பரப்பி, மேலே கல்லை வைப்பார். படித்தது ஊர்ப் பள்ளியில் நான்கு வருடம்தான். லத்தீனை ஒரு பழைய அகராதியை வைத்துக்கொண்டு தானே கற்றார். மழைக்காலம் முடிந்ததும் பிலடெல்பியாவில் இருந்த பெரிய மனிதர்களுக்குக் கட்டுக் கட்டாகச் செடிகளை அனுப்புவார். அவர்கள் ‘நல்லது, இன்னும் அனுப்பும்’ என்று இரண்டு வரியில் பதில் போடுவார்கள். பதினோரு வருடம் அப்படியே போயிற்று.

மயாமி ஆற்றின் கிளையோடை ஒன்றின் கரையில் நிலம் வாங்கிக் குடியேறியபோது கெசியாவைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் குவேக்கர்கள். அந்தச் சபைக்காரர்களுக்குப் பெரியவர் சின்னவர் கிடையாது. நீதிபதியானாலும் மாடு மேய்ப்பவனானாலும் ‘நீ’ என்றுதான் பேசுவார்கள், பெண்டாட்டி புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். பசை வைத்து ஒட்டினால் பூச்சி அரித்துவிடுகிறது என்று கெசியாதான் ஒவ்வொரு செடியையும் காகிதத்தோடு ஊசி நூலால் தைத்தாள். தைத்துக்கொண்டே வாயாடுவாள்.

“ஆப்னர், உன் தொப்பிக்குள்ள தலையைவிடத் தழைதான் ஜாஸ்தி. கல்யாணத்துக்கு முன்னாடி கழட்டிக் காட்டியிருந்தா நான் யோசிச்சிருப்பேன்.”

“அதனாலதான் கழட்டல,” என்பார் அவர்.

முப்பது வருடம் சேர்த்ததை ஒரு புத்தகமாக்க வேண்டும் என்று சின்சினாட்டிக்குக் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போனார். அச்சுக்கூடக்காரன் நாலு தாளைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“இலை எத்தனை பல்லு, பூ எத்தனை இதழுன்னு எவன் ஐயா எண்ணப் போறான்? ஒவ்வொரு செடிக்குக் கீழயும் அது எதுக்கு ஆகும்னு ஒரு வரி போடுங்க. தின்னலாமா, மருந்துக்கு ஆகுமா, மாடு மேயுமா. அதுக்குத்தான் ஜனங்க வாங்குவாங்க.”

ஆப்னர் ஒத்துக்கொண்டார். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மூன்று நாள் அச்சுக்கூடத்து ஜன்னல் திட்டில் காகிதத்தை வைத்து நின்றபடியே எழுதினார். அறுபத்தோராம் பக்கத்தில் வெள்ளைத்தலை என்ற செடி வந்தது. காட்டு நிழலில் இடுப்பளவு வளரும், ரம்பப்பல் இலை, கோடை முடிவில் தலை நிறைய வெள்ளைப் பூ. அது எதற்கு ஆகும் என்று அவருக்குத் தெரியாது. அதன் பங்காளிச் செடி ஒன்றை அந்தப் பக்கத்து வீடுகளில் காய்ச்சலுக்குக் கஷாயம் போட்டுக் குடிப்பார்கள். அது நல்லதென்றால் இதுவும் நல்லதாகத்தான் இருக்கும். அச்சு கோப்பவன் தாளுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். ‘கால்நடைகள் மேயும்; தீங்கில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த செடிக்குப் போனார்.

புத்தகம் முந்நூறு பிரதி அச்சானது. வாங்குவதாக முன்கூட்டியே பெயர் கொடுத்து வைத்திருந்த முந்நூறு பேரின் பட்டியல் பின்பக்கத்தில் இருந்தது. வைத்தியர்கள், பாதிரிமார், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், படிக்கத் தெரிந்த குடியானவர்கள். அக்கம்பக்கத்தில் அவரைச் ‘செடிக்கார டில்வின்’ என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கெசியாவின் தைத்துத் தைத்துத் தடித்த விரல்கள் அந்தப் புத்தகத்தைத் தடவிப் பார்த்ததை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை.

மூன்றாம் வருடம் மழை பொய்த்தது. ஏழாம் மாதமான ஜூலையிலேயே மேய்ச்சல் நிலம் கருகிச் செம்மண் தெரிந்தது. ஓடைக்கு அக்கரையில் குடியிருந்த ஈலம் ரக்கர் ஒரு காலையில் வேலியோரம் வந்து நின்றான். கென்டக்கியிலிருந்து வந்தவன், வாட்டசாட்டமான ஆள். வீட்டில் பெண்டாட்டி ரோடாவும் இரண்டு பையன்களும்.

“டில்வின், என் மாடுங்க காட்டுக்குள்ள போகுது. வேலியைப் போட்டு அடைக்கலாமா, விட்டுரலாமா?”

“அங்க என்னத்தத் தின்னுது?”

“புல்லுதான் இல்லையே. அந்த வெள்ளைப்பூ இருக்கில்ல, நெழல்ல நெறைய வளருமே, அதத்தான் மொட்டையடிக்குது. எனக்கென்னமோ மனசு ஒப்பல. நீதான் படிச்சவன்.”

ஆப்னர் தயங்கவே இல்லை. “வெள்ளைத்தலை. அதுல ஒண்ணும் கெடுதல் இல்ல. என் புத்தகத்துலயே போட்டிருக்கேன்.”

“போட்டிருக்கியா? அப்ப சரி.” ரக்கர் சிரித்துக்கொண்டே போனான். அன்று பிற்பகல் ஆப்னரும் தன் மாடுகளைக் காட்டுக்குள் ஓட்டிவிட்டார்.

இரண்டு வாரத்துக்குள் ரக்கரின் கிடாரி ஒன்று நடக்கும்போது பின்னங்கால் நடுங்க ஆரம்பித்தது. ஓட்டினால் இன்னும் நடுங்கும், நின்றால் மூச்சிரைக்கும். நாலாம் நாள் விழுந்து செத்தது. கறவை மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை; அவை வழக்கம்போல் பால் கொடுத்தன. அதனால் யாரும் பயப்படவில்லை.

பிறகு ரக்கரின் சின்னவன் ஜெரட்டுக்கு வாந்தி கண்டது. அடுத்து பெரியவன் ஏசாவுக்கு. காய்ச்சல் இல்லை. வயிறு கல்லாக அடைத்துக்கொண்டது. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார்கள், குடித்ததை எல்லாம் கக்கினார்கள். மூச்சில் ஏதோ அழுகிய பழத்தின் இனிப்பு வாடை வீசியது. ரோடாவும் படுத்துவிட்டதால் கெசியா ஓடையைத் தாண்டிப் போய்ப் பார்த்துக்கொண்டாள். பையன்கள் இருவரும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். ரோடா பிழைத்தாள், ஆனால் அதன்பின் கோலில்லாமல் அவள் நடக்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பி வந்த கெசியா மறுநாள் அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆப்னர், எனக்கு முழங்கால் யாருதோ மாதிரி இருக்கு.”

வைத்தியர் குதிரையில் வந்தார். நாக்கைப் பார்த்தார், கையைக் கீறிக் கெட்ட ரத்தம் என்று கொஞ்சம் எடுத்தார். ஆற்று மூடுபனியில் உள்ள கெட்ட காற்றுதான் காரணம் என்றார். உடம்பு இறங்கிப்போயிருக்கிறது, பாலும் வெண்ணெயும் நிறையக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் டமாரிஸ் துணி நெய்வதற்காக ஒன்றுவிட்ட அக்காள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுக்கு ஆள் அனுப்பினார்கள். அதுவரை ஆப்னர்தான் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் பால் புகட்டினார். அவருக்குச் சிறு வயதிலிருந்தே பால் ஒத்துக்கொள்ளாது, ஆப்பிள் சாறுதான் குடிப்பார். பால் விஷயத்தில் அவருக்கு நாக்கும் இல்லை, அனுபவமும் இல்லை.

“வேண்டாம் ஆப்னர். குமட்டுது.”

“இன்னும் ரெண்டே கரண்டி, கெசியா. எனக்காக.”

அவள் அவருக்காகக் குடித்தாள். ஏழாம் நாள் காலையில் டமாரிஸ் வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்தபோது தாய்க்கு மகளை அடையாளம் தெரியவில்லை. நண்பகலுக்கு முன் உயிர் பிரிந்தது.

புதைத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் அவர்களுடைய கிடாரியும் காட்டோரம் நடுங்கி விழுந்தது. டமாரிஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பத்தொன்பது வயது, தாயைப்போல் வாயாடி இல்லை. கேட்டால் ஒரே கேள்விதான் கேட்பாள்.

“அப்பா, அக்கா வீட்டுல நானும் தெனம் பால் குடிச்சேன். அதே ஆறு, அதே மூடுபனி. ஆனா அங்க மாட்டைக் கொட்டில்ல கட்டி வைக்கோல் போடுறாங்க. இங்க மாடு என்ன தின்னுது?”

ஆப்னர் போய்க் கத்தியை எடுத்து வந்தார். செத்த கிடாரியின் வயிற்றைக் கிழித்தார். உள்ளே பச்சைக் கூழாக இருந்தது. அதை வாளியில் அள்ளி, ஓடைத் தண்ணீரை ஊற்றி அலசி, மிஞ்சிய துணுக்குகளை ஒவ்வொன்றாக வெள்ளைக் காகிதத்தில் பரப்பினார். நகமளவுத் துண்டுகள். அடியிலிருந்து மூன்றாகப் பிரியும் நரம்பு. ரம்பப்பல். ஆறாவது துண்டிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நாற்பது துண்டுவரை எடுத்து வைத்தார். நாற்பதில் முப்பத்தேழு ஒரே செடி.

“என்னப்பா அது?” என்றாள் டமாரிஸ்.

“அறுபத்தோராம் பக்கம்,” என்றார்.

ஒரு இலையால் முடிவு கட்டக்கூடாது என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை அப்படிச் செய்தாயிற்று. தொழுவத்தில் மிஞ்சியிருந்த ஒரு கன்றைத் தனியே கட்டி, பச்சை வெள்ளைத்தலையை மட்டும் அறுத்துப் போட்டார். ஆறாம் நாள் அது நடுங்கியது. ஒன்பதாம் நாள் செத்தது. அதன் கண் மூடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து, ஓடையைத் தாண்டி ரக்கர் வீட்டுக்குப் போனார்.

ரக்கர் முற்றத்தில் மரம் பிளந்துகொண்டிருந்தான். கைக்கோடரி இல்லை, பெரிய கோடரி. ஆப்னர் அவனுக்கு எட்டும் தூரத்தில் போய் நின்றார்.

“ஈலம், காட்டுல இருக்கிற அந்தச் செடிதான். மாடு தின்னுது, விஷம் பாலுல எறங்குது; அதான் கறவை மாடு மட்டும் தப்பிச்சிடுது. கன்னுக்குப் போட்டுப் பாத்துட்டேன். உன் புள்ளைங்க சாவுக்கு நான் சொன்ன வார்த்தைதான் காரணம்.”

ரக்கர் கோடரியை மரத்தில் கொத்தி நிறுத்தினான்.

“நீ அதப் புத்தகத்துல போட்டிருக்கேன்னு சொன்னியே.”

“போட்டிருக்கேன்.”

“எப்படிப் போட்ட? யாராச்சும் சொன்னாங்களா? மாட்டுக்குப் போட்டுப் பாத்தியா?”

“இல்ல. பங்காளிச் செடி நல்லதா இருந்துச்சு. இதுவும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

“நெனச்ச.” ரக்கர் அந்த வார்த்தையை மெல்ல இழுத்தான். “எனக்கு மனசு ஒப்பல டில்வின். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத எனக்கே ஒப்பல. நீ படிச்சவன்னு என் மனசை நான் அடக்கிக்கிட்டேன்.” பிறகு வீட்டைக் காட்டினான். “உள்ள போய் ரோடாகிட்டயும் சொல்லு. நான் சொல்ல மாட்டேன். அது உன் வேலை.”

உள்ளே போய்ச் சொன்னார். ரோடா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் வெளியே வரும்வரை திரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு சபை கூடியபோது, எல்லாரும் வழக்கம்போல் மௌனமாக உட்கார்ந்திருக்க, ஆப்னர் எழுந்து தன் குற்றத்தைக் காகிதத்தில் எழுதிவந்து வாசித்தார். மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர், “சகோதரா, நீ தெரிஞ்சு செய்யல. இது தவறுதான், பாவம் இல்ல. உன்மேல சபைக்கு ஒரு குறையும் இல்ல” என்றார். அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். அவருக்கு முதுகில் நாலு அடி விழுந்திருந்தால் ஒருவேளை ஆறுதலாக இருந்திருக்கும்.

குளிர்காலத்தில் சின்சினாட்டிக்குப் போனார். அங்கே வைத்தியர்கள் கூடி அமைத்திருந்த ஒரு கழகம் இருந்தது. அவர்கள் தங்கள் ஏட்டில் ஒரு பக்கம் அச்சிட்டால் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் செய்தி போய்விடும். அதன் தலைவர் பெல்ட்டன் என்ற வைத்தியர். பட்டு மேலங்கி, பொடி டப்பி. ஆப்னர் தொப்பியைக் கழற்றாமல் நின்று, ‘நீ இதை அச்சிட வேண்டும்’ என்று தம் சபை வழக்கப்படி பேசியதிலேயே அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“சரி, இங்கயே ஒரு கன்னுக்குப் போட்டுப் பாத்துருவோம்,” என்றார் பெல்ட்டன்.

வெளியே பனி கொட்டியது. பச்சைச் செடி கிடைக்காது. ஆப்னர் கோடையில் அறுத்து உலர்த்திவைத்த கட்டுகளைத்தான் கொண்டுவந்திருந்தார். கழகத்தார் பின்கட்டில் ஒரு கன்றைக் கட்டி, அதைப் போட்டார்கள். மூன்று வாரம் ஆப்னர் தினமும் வந்து பார்த்தார். கன்று கொழுத்தது. காய்ந்தால் அந்த விஷம் வெகுவாகக் குறைந்துவிடும் என்பது அங்கே இருந்த யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

“அதாவது மிஸ்டர் டில்வின்,” என்றார் பெல்ட்டன், பொடியை உறிஞ்சிக்கொண்டே, “உங்க புத்தகம் தீங்கில்லைங்குது. நீங்க விஷம்ங்குறீங்க. கன்னுக்குட்டி புத்தகத்தோட கட்சியில சேந்துருச்சு. நாங்க யாரை நம்புறது?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“நீ என்னை நம்ப வேண்டாம்,” என்றார் ஆப்னர். “வேனல் வந்ததும் பச்சையாப் போட்டுப் பாரு. அதுவரைக்கும் காட்டுல மேஞ்ச மாட்டோட பாலைக் குடிக்காதீங்கன்னு மட்டும் ஒரு வரி போடு.”

“பெண்டாட்டி போன துக்கம் மனுசனை என்னென்னமோ சொல்ல வைக்கும். ஊருக்குப் போய் ஓய்வெடுங்க.”

அந்த ஒரு வரியை அவர்கள் போடவில்லை.

ஆப்னர் வீட்டுக்குத் திரும்பினார். மூன்றாம் நாள் தம் புத்தகத்தின் பின்பக்கத்துப் பட்டியலைக் கிழித்து எடுத்தார். அச்சு எழுத்துகளையும் இறகுப் பேனாவையும் நினைத்துப் பார்த்தார். புதிய அச்சுக்கு வழியில்லை, பழைய வரியை அழிக்க மட்டும் வழி இருந்தது. மைக்கூட்டை ஆட்டுத்தோலில் சுற்றிச் சேணப்பையில் போட்டுக்கொண்டார்.

“எங்கப்பா போற?” என்றாள் டமாரிஸ்.

“முந்நூறு வீடு.”

“நிலம்?”

“நீ பாத்துக்குவ.”

அவள் பார்த்துக்கொண்டாள். அவர் வருடத்தில் எட்டு மாதம் குதிரையில் அலைந்தார். வீடு தேடிப் போவார், பெயரைச் சொல்வார், புத்தகத்தைக் கேட்பார், அறுபத்தோராம் பக்கத்தைத் திருப்பிக் கடைசி வரியை அடித்துவிட்டு ஓரத்தில், ‘நான் எழுதியது பொய். இது கொல்லும். ஆ. டில்வின்’ என்று எழுதுவார். சிலர் சோள ரொட்டியும் உப்பிட்ட பன்றிக்கறியும் கொடுத்து உபசரித்தார்கள். சிலர் பைத்தியம் என்று நாயை ஏவிவிட்டார்கள். ஒரு பாதிரி, நல்ல புத்தகத்தைப் பாழாக்க விடமாட்டேன் என்று கடைசிவரை அலமாரிச் சாவியைக் கொடுக்கவில்லை. சிலர் இறந்துபோயிருந்தார்கள், சிலர் புத்தகத்தோடு மேற்கே போய்விட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

செடி பூக்கும் எட்டாம் மாதம் கட்டாயம் வீட்டில் இருப்பார். அவரும் டமாரிசும் காட்டுக்குள் போய் வெள்ளைத்தலையை வேரோடு பிடுங்குவார்கள். முதல் வருடம் இருவரும்தான். இரண்டாம் வருடம் அக்கரையிலிருந்து யாரோ பிடுங்கிக்கொண்டு வருவது தெரிந்தது. நடுக்காட்டில் எதிரெதிரே வந்தபோது ரக்கர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அந்தப் பள்ளத்துல இன்னும் நெறையக் கெடக்கு,” என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். மன்னிப்பு என்ற பேச்சு அவர்களுக்குள் வரவே இல்லை. அந்த ஓடைக்கரையில் அந்த நோய் மறுபடி தலைகாட்டவும் இல்லை.

ஆறாம் வருடம், இந்தியானாவில் ஒரு மரவீட்டு வாசலில் குதிரையை விட்டு இறங்கினார். பட்டியலில் நூற்றுத் தொண்ணூற்றோராவது பெயர், ஹல்டா குரோவ் என்ற பெண்ணின் புருஷன். முன்பு பள்ளிக்கூட வாத்தியார். ஹல்டா கதவைத் திறந்தாள். முப்பது வயதுதான் இருக்கும், கறுப்பு உடை. ஆப்னர் தம் பெயரைச் சொன்னார்.

“புத்தகம் எழுதினவரா?”

“ஆமா.”

அவள் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு புல் அடையாளத்துக்குச் செருகியிருந்தது.

“போன மாசம் மாடு நடுங்குச்சு. அவர் இதத் தேடி எடுத்துப் படிச்சாரு. இந்தச் செடி இல்லை, வேற எதுவோன்னு சொன்னாரு. பதினேழாந்தேதி அவரைப் பொதச்சோம். இருபதாந்தேதி என் பொண்ணை.”

ஆப்னர் மைக்கூட்டைத் திறந்தார். மேசையில் மை சிந்தியது. அவள் ஒரு துணியை எடுத்துத் துடைத்தாள். பிறகு புத்தகத்தை அவர் பக்கம் தள்ளிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள், அவர் அடிப்பதற்கு வசதியாக.

“சீக்கிரமா வந்திருக்கலாமே,” என்றாள்.

“தெற்கால இருந்து ஆரம்பிச்சேன்,” என்றார். “வடக்கால இருந்து ஆரம்பிச்சிருந்தா வந்திருப்பேன்.”

தொட்டிலில் ஒரு கைக்குழந்தை அழுதது. அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “எந்தச் செடின்னு வந்து காட்டுங்க” என்றாள். இருவரும் வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டுக்குள் இறங்கினார்கள். அங்கே மர நிழலில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் மூன்று நாள் அங்கே தங்கிப் பிடுங்கினார். நான்காம் நாள் அடுத்த பெயரைத் தேடிப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம்தான் இருந்தார். வாபாஷ் ஆற்றைக் கடக்கையில் நனைந்து, மார்புச் சளி கட்டி, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் இறந்தார். இருநூற்று நான்கு பெயர்களுக்கு எதிரே கோடு போட்டிருந்தார். டமாரிஸ் அந்தப் பட்டியலை வாங்கிவரப் போனாள். மீதி தொண்ணூற்றாறில் பதினெட்டை அவள் தேடிக் கண்டுபிடித்தாள். மற்றவை எங்கே போயின என்று தெரியவில்லை. பெல்ட்டனின் கழகம் அந்த நோய்க்குக் காரணம் மூடுபனிதான் என்று மறுபடியும் அறிக்கை வெளியிட்டது. கோடை வறண்ட வருடங்களில் ஆற்றோர ஊர்களில் மாடுகள் நடுங்கின, ஜனங்கள் செத்தார்கள்.